சீஸைக் குறைத்து, காய்கறியைக் கூட்டி: வீட்டிலேயே பீட்சாவும் கால்சோனேயும்

வீட்டில் பீட்சா செய்யலாம் என்று நினைத்ததும் பலர் முதலில் வாங்குவது சீஸ் பாக்கெட். அடுத்தது ரெடிமேட் பீட்சா பேஸ், அப்புறம் ஒரு பாட்டில் சாஸ். இந்த மூன்றுக்கே நல்ல காசு ஆகிவிடும், ருசியோ சுமாராகத்தான் இருக்கும். நான் சொல்வது இதற்கு நேர் எதிரான வழி. மாவை நாமே பிசைந்து நிதானமாகப் புளிக்க விட்டால் பாதி ருசி அதிலேயே வந்துவிடும். மிச்சப் பாதி காய்கறியின் தண்ணீரை அடுப்பில் வற்ற வைப்பதில் இருக்கிறது. சீஸ் கொஞ்சம் போதும்.

பீட்சாவின் சொந்த ஊரான இத்தாலியின் நேப்பிள்ஸில் அது ஏழைகளின் சாப்பாடாகத்தான் இருந்தது. அங்கே இன்றும் விரும்பிச் சாப்பிடும் மரினாரா பீட்சாவில் சீஸே கிடையாது. தக்காளி, பூண்டு, ஆரிகானோ என்ற வாசனை இலை, எண்ணெய், அவ்வளவுதான். அந்த ஊர்ப் பீட்சாக்காரர்களின் கைத்தொழிலை யுனெஸ்கோ 2017-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மாவைப் பிசைந்து, கையால் விரித்து, சுட்டெடுக்கும் அந்தக் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த மரியாதை அது. அதில் நம் வீட்டு அடுப்புக்கு ஆகும் அளவை இங்கே எழுதுகிறேன். ஓவன் இல்லாதவர்களும் செய்யலாம். தோசைக்கல் வழியும் கீழே இருக்கிறது.

மாவுக்கு வேண்டியவை

இந்த அளவில் 10 அங்குலப் பீட்சா இரண்டு வரும். அல்லது ஒரு பீட்சாவும் இரண்டு கால்சோனேயும் (உள்ளே பூரணம் வைத்து மடித்துச் சுடும் பீட்சா) வரும். முதல் தடவைக்கு இரண்டாவது வழிதான் நல்லது, ஒரே மாவில் இரண்டையும் பழகிவிடலாம்.

மைதா 300 கிராம் (240 மி.லி. கப்பில் ஏறத்தாழ இரண்டரை கப்)
தண்ணீர் 180 மி.லி. (முக்கால் கப்)
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 டீஸ்பூன், தலை தட்டி
உப்பு 1 டீஸ்பூன், தலை தட்டி
சர்க்கரை 1 டீஸ்பூன்
எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன்

நேப்பிள்ஸ் மாவில் சர்க்கரையும் எண்ணெயும் சேர்க்க மாட்டார்கள். அவர்களுடைய விறகு அடுப்பு 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும், 60 முதல் 90 வினாடிக்குள் பீட்சா வெந்துவிடும். நம் வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் உள்ளே கிடக்கும் மாவு காயாமல் இருக்க எண்ணெயும், சீக்கிரம் நிறம் பிடிக்கச் சர்க்கரையும் உதவுகின்றன. மாவுக்கு ஆலிவ் எண்ணெய் தேவையில்லை. சூரியகாந்தி எண்ணெயோ கடலை எண்ணெயோ போதும். நல்லெண்ணெயின் வாசனை மட்டும் இதற்கு ஒத்துவராது.

கோதுமை மாவில் செய்ய விரும்புகிறவர்கள் பாதி மைதா, பாதி கோதுமை மாவு என்று தொடங்குங்கள். தண்ணீர் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் கூடுதலாக இழுக்கும். முழுக்கக் கோதுமையில் செய்தால், தவிடு குறுக்கே நிற்பதால் மாவு அவ்வளவாக உப்பாது. கெட்டியாக, கொஞ்சம் கனமாக இருக்கும். அது பிடித்திருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

ஈஸ்ட் விஷயத்தில் பாக்கெட்டைப் படிப்பது முக்கியம். இன்ஸ்டன்ட் என்று இருந்தால் நேராக மாவில் கலக்கலாம். ஆக்டிவ் டிரை என்று இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையோடு கரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். நுரை கட்டினால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நுரையே வராவிட்டால் அதைக் கொட்டிவிட்டு வேறு வாங்குங்கள், மாவை வீணாக்க வேண்டாம். தண்ணீரில் விரலை வைத்தால் சுடக்கூடாது. கொதிக்கிற தண்ணீர் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வரும், தனியாகச் சூடாக்க வேண்டியதில்லை. பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் பல மாதம் தாங்கும். பெரிய பாக்கெட் வாங்குவது இதனால்தான் லாபம்.

பிசைவது, புளிக்க வைப்பது

எண்ணெயைத் தவிர எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் கலந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஒன்றுசேருங்கள். உலர்ந்த மாவு எங்கும் தெரியாத நிலை வந்ததும் மூடி, பதினைந்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். இந்த இடைவெளியில் மாவு தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு பிசைவது பாதி வேலைதான். அப்புறம் எண்ணெய் விட்டு எட்டு முதல் பத்து நிமிடம் பிசையுங்கள்.

சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இது கையில் ஒட்டுவது போல் தோன்றும். மேலும் மேலும் மைதா தூவத் தோன்றும். தூவாதீர்கள். கெட்டியான மாவு பீட்சாவை வறட்டு ரொட்டியாக்கிவிடும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பிசைந்தால் ஒட்டுவது தானாகக் குறையும். உள்ளங்கையால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடியும் தள்ளுங்கள். ஒரு சிறு துண்டை எடுத்து இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிய ஜவ்வாக விரிந்தால் மாவு தயார்.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் போட்டு மூடி, இரண்டு மடங்காகும் வரை வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் ஆகும். மார்கழியில், அல்லது ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டரை மணி நேரம்கூட ஆகலாம். கடிகாரத்தைவிட மாவைப் பாருங்கள். விரலால் ஒரு குழி செய்தால் அது மெதுவாக, அரைகுறையாக மேலே வர வேண்டும். உடனே துள்ளி எழுந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், எழவே இல்லையென்றால் கொஞ்சம் மிஞ்சிவிட்டது, உடனே பயன்படுத்திவிடுங்கள்.

இதைவிடச் சிறந்த வழி ஒன்று இருக்கிறது. ஈஸ்ட்டைக் கால் டீஸ்பூனாகக் குறைத்து, பிசைந்த மாவை அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிரில் மெல்லப் புளிக்கும் மாவில் வரும் வாசனையும் ருசியும் ஒன்றரை மணி நேர மாவில் வருவதே இல்லை. செலவும் குறைவு, அவசரமும் இல்லை. சனிக்கிழமை இரவு பிசைந்து ஞாயிறு மாலை சுடலாம். இரண்டு மூன்று நாள் வரை ஃபிரிட்ஜில் தாங்கும். சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உருண்டைகளாக உருட்டி வெளியே எடுத்து வைக்க வேண்டும், குளிர்ந்த மாவு விரிய மறுக்கும்.

ஈஸ்ட்டே கிடைக்காத நாளில் ஒரு கப் மைதா, கால் கப்புக்குச் சற்று மேல் தயிர், அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா, உப்பு சேர்த்துப் பிசைந்து அரை மணி நேரத்தில் தோசைக்கல்லில் சுடலாம். பசிக்கு நல்ல பலகாரம்தான். பீட்சாவின் ருசி அதில் வராது.

சாஸ்

தக்காளி கெச்சப்பைப் பீட்சாவில் தடவாதீர்கள். அதில் இருக்கும் சர்க்கரையும் வினிகரும் காய்கறியின் ருசியை மூடிவிடும்.

நல்ல பழுத்த தக்காளி அரை கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் அதிகம், வற்ற நேரமாகும். நீளவாக்கில் இருக்கும் பெங்களூர்த் தக்காளியில் சதை அதிகம், சீக்கிரம் கெட்டிப்படும். இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் புளிப்பும் உடம்பும் சரியாக அமையும். கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போட்டுத் தோலை உரித்து, கையால் பிசையுங்கள் அல்லது மிக்சியில் ஒரே சுற்று சுற்றுங்கள்.

இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் ஐந்தாறு பல் பூண்டை நசுக்கிப் போட்டு, சிவக்க விடாமல் வாசனை வரும் வரை வதக்கி, தக்காளியையும் உப்பையும் சேருங்கள். நடுத்தரத் தீயில், மூடாமல், கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி தெரிந்து சாஸ் மெதுவாகக் கூடும் வரை வற்ற வையுங்கள். நேப்பிள்ஸில் தக்காளியை வேக வைக்காமல் பச்சையாகவே தடவுகிறார்கள். அவர்கள் பயன்படுத்துவது சதைப்பிடிப்பான தக்காளி, அந்த அடுப்பும் நொடியில் ஈரத்தை இழுத்துவிடும். நம் தக்காளிக்கும் நம் ஓவனுக்கும் வற்ற வைப்பதே சரி. கடைசியில் ருசி பார்த்து, புளிப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுங்கள்.

வாசனைக்கு ஆரிகானோ சிறு பாக்கெட் ஒன்று வாங்கினால் பல மாதம் வரும். இத்தாலியர்கள் பீட்சாவில் போடும் பேசில் இலையை வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் திருநீற்றுப்பச்சிலை அந்தச் செடியின் இனம்தான். வாசனை கொஞ்சம் காரமாக, சோம்பின் சாயலோடு இருக்கும். சர்பத்தில் போடுகிற சப்ஜா விதை இதன் விதைதான். ஒரு பிடியைத் தொட்டியில் தூவித் தண்ணீர் தெளித்து வந்தால், வெயில் படும் ஜன்னலோரத்தில் சில வாரங்களில் கிள்ளிப் போடும் அளவுக்கு இலை வரும். பூ விடும் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் செடி அடர்ந்து வளரும். துளசியைப் போட்டு ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அதன் வாசனை வேறு.

தக்காளி மலிவாகக் கிடைக்கும் வாரத்தில் மூன்று நான்கு கிலோ வாங்கி ஒரேயடியாக வற்ற வைத்து, சிறு டப்பாக்களில் ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கும். விலை ஏறுகிற நாளில் இந்த டப்பாக்கள்தான் கைகொடுக்கும்.

காய்கறி: தண்ணீர்தான் எதிரி

வீட்டுப் பீட்சா நடுவில் வேகாமல் சொதசொதவென்று இருந்தால், பத்தில் எட்டுத் தடவை காரணம் காய்கறியில் இருந்து இறங்கிய தண்ணீர். அதனால் எந்தக் காயைப் பச்சையாகப் போடலாம், எதை முன்கூட்டியே வதக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதிச் சங்கடம் தீர்ந்தது. உழவர் சந்தையில் அன்றைக்கு மலிவாக இருக்கும் எந்தக் காயையும் இந்தக் கணக்கில் அடக்கிவிடலாம்.

வெங்காயம், குடைமிளகாய் இரண்டையும் மெல்லியதாக நறுக்கி அப்படியே போடலாம். வேகவைத்து உதிர்த்த சோளத்துக்கும் வேறு வேலை இல்லை.

காளான், கத்திரிக்காய், முட்டைக்கோஸ், கீரை, சுரைக்காய் இவையெல்லாம் தண்ணீர் விடும் காய்கள். அகலமான வாணலியை நன்றாகச் சூடாக்கி, பெரிய தீயில், கூட்டமாகக் குவிக்காமல் வதக்குங்கள். காளானுக்கு முதலில் எண்ணெய்கூட வேண்டாம். அதன் தண்ணீர் முழுக்க வெளியே வந்து வற்றிய பிறகு எண்ணெயும் உப்பும் போட்டுச் சிவக்க விடுங்கள், அப்போதுதான் அதன் அசல் ருசி வரும். கத்திரிக்காயை வட்டமாக நறுக்கி உப்புப் பிசறி இருபது நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டு, தோசைக்கல்லில் எண்ணெய் தடவி இரண்டு பக்கமும் சுட்டெடுங்கள். சிசிலித் தீவில் வறுத்த கத்திரிக்காயையும் தக்காளியையும் சேர்த்துப் பீட்சா செய்கிறார்கள். நம் ஊரில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் காய் இது, பீட்சாவில் ஏனோ யாரும் நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் குடைமிளகாயைவிட இதற்கே முதலிடம் தருவேன்.

காலிஃபிளவர், கேரட், பீன்ஸ், பூசணி போன்ற கெட்டிக் காய்களைச் சிறிதாக நறுக்கி முக்கால் பதம் வேக வைத்து, நீரை வடித்து, எண்ணெயில் ஒரு புரட்டு புரட்டிப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் மாவு வெந்த பிறகும் இவை கடிபடாது.

உருளைக்கிழங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரோம் நகரத்துப் பேக்கரிகளில் உருளைக்கிழங்குப் பீட்சா அன்றாடப் பண்டம். தக்காளி சாஸும் வேண்டாம், சீஸும் வேண்டாம். கிழங்கை அப்பளம்போல் மெல்லியதாகச் சீவி, உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வடித்துத் துணியில் ஒற்றி, எண்ணெய் பிசறி, விரித்த மாவின்மேல் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கிச் சுட வேண்டும். அவர்கள் ரோஸ்மேரி என்ற வாசனை இலையைத் தூவுவார்கள். ஊட்டிப் பக்கம் ரோஸ்மேரி விளைகிறது, கிடைத்தால் போடுங்கள். இல்லாவிட்டால் மிளகைப் பொடித்துத் தூவினால் போதும். இந்தக் கட்டுரையில் இருப்பதிலேயே செலவு குறைந்த பீட்சா இதுதான்.

சீஸ்: எவ்வளவு, எது

பீட்சாவுக்குப் போடும் மொசரெல்லா என்ற சீஸின் ஒரு கிலோ விலையில் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் மைதா வாங்கலாம். அதனால் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுதான். 10 அங்குலப் பீட்சாவுக்கு 60 கிராம் போதும். கட்டியாக வாங்கி, குளிர்ந்திருக்கும்போதே சன்னமாகத் துருவுங்கள். சன்னமாகத் துருவினால் கொஞ்சமாக இருந்தாலும் பரவலாக விழும். துருவி விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க மாவுச்சத்து கலந்திருக்கும், பெரும்பாலும் விலையும் அதிகம்.

பன்னீர் உருகாது. பாலைப் புளிப்பு சேர்த்துத் திரித்துச் செய்வதன் குணம் அது, உங்கள் கைப்பிழை இல்லை. ஆகவே பீட்சாவின் மேலே அதைச் சீஸுக்கு மாற்றாக எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கால்சோனேக்குள் பன்னீர் மிகப் பொருத்தம். நேப்பிள்ஸில் உள்ளே வைப்பது ரிக்கோட்டா என்ற மிருதுவான, உருகாத பால்கட்டி. வீட்டில் திரித்த புதுப் பன்னீரை உதிர்த்து, இரண்டு ஸ்பூன் பாலாடை, உப்பு, மிளகு சேர்த்துப் பிசைந்தால் அதற்கு நெருக்கமாக வந்துவிடும். ஒரு லிட்டர் பாலில் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் பன்னீர் கிடைக்கும், நாலைந்து கால்சோனேக்குக் காணும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில வெளிநாட்டுச் சீஸ்களில் பாலைத் திரிய வைக்க, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ அப்படிப்பட்டது.

பீட்சாவை விரித்துச் சுடுவது

250 கிராம் மாவு உருண்டையை, கொஞ்சம் மைதா தூவிய மேடையில் வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி விரல் நுனிகளால் அழுத்திக்கொண்டே போங்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலத்தை மட்டும் தொடாதீர்கள். காற்று அங்கே ஒதுங்கி, சுடும்போது உப்பி நிற்கும். பூரிக்கட்டையால் தேய்த்தால் மாவில் இருக்கும் காற்றெல்லாம் போய்விடும். விரித்தது சுருங்கிச் சுருங்கி உள்ளே வந்தால் சண்டை போடாதீர்கள், மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். மாவு இளகிக் கொடுக்கும். அடியில் ஒட்டாமல் இருக்க ரவை தூவுங்கள். கடித்தால் மொறுமொறுப்பும் கூடும்.

ஓவன் இருந்தால் சூடேற்றும் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு, உச்சபட்சச் சூட்டில் இருபத்தைந்து நிமிடம் காய விடுங்கள். உள்ளே ஒரு கனமான தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டால் அதுவும் காய்ந்து, பீட்சாவின் அடியைச் சட்டென்று வேக வைக்கும். கைப்பிடி இல்லாத இரும்புத் தோசைக்கல் உங்கள் ஓவனுக்குள் நுழைந்தால் அதைவிட நல்லது கிடையாது. மாவில் மூன்று டேபிள்ஸ்பூன் சாஸ் மட்டும் தடவி முதலில் நான்கு நிமிடம் சுடுங்கள். பிறகு வெளியே எடுத்து சீஸ், அதன்மேல் காய்கறி பரப்பி, இன்னும் ஆறேழு நிமிடம் சுடுங்கள். இப்படி இரண்டு தவணையாகச் செய்தால் சீஸ் கருகாமல் அடியும் வேகும். காய்கறி மேலே இருப்பதால் மிச்ச ஈரமும் ஆவியாகிவிடும்.

கன்வெக்ஷன் வசதி உள்ள மைக்ரோவேவில் கன்வெக்ஷன் முறையில் 220 டிகிரியில் பதினைந்து நிமிடம் பிடிக்கும். வெறும் மைக்ரோவேவ் முறையில் வைத்தால் மாவு ரப்பராகிவிடும்.

தோசைக்கல்லில் செய்ய, 250 கிராம் உருண்டையை இரண்டாக்கி இரண்டு சிறு பீட்சாவாக விரித்துக்கொள்ளுங்கள். கனமான இரும்புக் கல்லை நடுத்தரத் தீயில் காய வைத்து, மாவைப் போட்டு, மேலே குமிழ் கிளம்பி அடி பொன்னிறமாகும் வரை இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். இப்போது திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தின்மேல் சாஸ், சீஸ், வதக்கிய காய்கறி வையுங்கள். தீயைச் சிறியதாக்கி மூடி, ஐந்து நிமிடம். மூடியின் உள்பக்கம் ஆவி தண்ணீராகக் கோத்து நிற்கும். நடுவில் ஒருமுறை திறந்து துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது பீட்சாவின்மேல் சொட்டும். கடைசி ஒரு நிமிடம் மூடியை எடுத்துவிட்டு அடியை மொறுமொறுப்பாக்குங்கள். இந்த முறையில் பச்சைக் காய் எதுவும் வேகாது, வெங்காயத்தைக்கூட வதக்கியே போடுங்கள்.

பிரஷர் குக்கரை வெறுமனே காய வைத்து அதற்குள் சுடும் வழியைப் பலர் சொல்வார்கள். தினமும் சமைக்கிற குக்கரை அப்படி வறட்டுச் சூட்டில் வாட்டுவது பாத்திரத்துக்கு நல்லதில்லை. ஒரு பழைய கனத்த இரும்பு வாணலியின் அடியில் கம்பி ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் காயவிட்டு, தட்டில் பீட்சாவை இறக்கி, இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் சுட்டால் அதே பலன் கிடைக்கும்.

கால்சோனே

பார்வைக்கு இது பெரிய சோமாசிதான். மாவு மேலே சொன்ன அதே மாவு. பாதி அளவு சீஸில், நிறையக் காய்கறியோடு, வயிறு நிறையும் சாப்பாடாகிவிடுவதால் சிக்கனத்துக்குப் பீட்சாவைவிடக் கால்சோனே ஒரு படி மேல்.

உள்ளே வைக்கும் கீரைப் பூரணத்தை இத்தாலியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நேப்பிள்ஸில் கிறிஸ்துமஸ் சமயத்தில், எஸ்கரோல் என்ற லேசான கசப்புக் கீரையைப் பூண்டு, ஆலிவ், உலர்திராட்சை, பைன் கொட்டையோடு வதக்கி மாவுக்குள் வைத்துச் சுடுகிறார்கள். தென் இத்தாலியின் இன்னொரு ஊரான பாரியில் வெங்காயத்தாளை மெல்ல வதக்கி உள்ளே வைத்துச் செய்யும் கால்சோனேயும் பேர்போனது. கீரையும் வெங்காயத்தாளும் நமக்கு அன்றாடம் கிடைப்பவை.

இரண்டு கால்சோனேக்கு ஒரு கட்டு பாலக்கீரையோ அரைக்கீரையோ போதும். கழுவி, நீரை உதறி, பொடியாக நறுக்குங்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் நான்கு பல் பூண்டு, ஒரு கிள்ளிய மிளகாய் வற்றல் தாளித்து, கீரையைப் போட்டுப் பெரிய தீயில் நீர் முழுக்க வற்றும் வரை வதக்குங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள், கீரை சுருங்கிய பிறகுதான் அளவு தெரியும். ஒரு டேபிள்ஸ்பூன் உலர்திராட்சையும், உடைத்த முந்திரியோ வறுத்த வேர்க்கடலையோ ஒரு கைப்பிடியும் சேருங்கள். கசப்புக்கும் பூண்டுக்கும் நடுவே அந்த இனிப்பு அவ்வளவு அழகாகப் பொருந்தும், தயங்காமல் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வடிகட்டியில் போட்டு அழுத்தி, மிச்ச நீரையும் எடுத்துவிட்டு, முழுக்க ஆறவையுங்கள். ஆறியதும் 80 கிராம் உதிர்த்த பன்னீரும் 30 கிராம் துருவிய மொசரெல்லாவும் கலந்துகொள்ளுங்கள்.

ஆற வைப்பதை மட்டும் தவிர்க்கவே கூடாது. சூடான பூரணம் மாவை இளக்கி, அடியில் ஓட்டை போட்டுவிடும்.

125 கிராம் உருண்டை ஒன்றை 7 அங்குல வட்டமாக விரியுங்கள். இதற்குப் பூரிக்கட்டை பயன்படுத்தலாம், உள்ளே காற்று இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எல்லா இடமும் ஒரே கனமாக இருந்தால் போதும். பூரணத்தில் பாதியை வட்டத்தின் ஒரு பாதியில் மட்டும் வைத்து, ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் விடுங்கள். ஓரத்தில் தண்ணீர் தொட்டுத் தடவி, மறு பாதியை மேலே மடித்து, பூரணத்தைச் சுற்றியிருக்கும் காற்றை உள்ளங்கையால் வெளியேற்றிக்கொண்டே அழுத்தி ஒட்டுங்கள். பிறகு ஓரத்தை முறுக்கி முறுக்கி மடியுங்கள், அல்லது முள்கரண்டியால் அழுத்துங்கள். பூரணமோ எண்ணெயோ ஓரத்தில் பட்டிருந்தால் அந்த இடம் ஒட்டாது, துடைத்துவிட்டு ஒட்டுங்கள். மேலே கத்தியால் இரண்டு சிறு கீறல் போடுங்கள். ஆவி வெளியேற அந்த வழி இல்லையென்றால் அது ஓரத்தைப் பிளந்துகொண்டு வரும். தக்காளி சாஸை உள்ளே ஊற்ற வேண்டாம், சூடாக்கித் தனிக் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுச் சாப்பிடுங்கள்.

மேலே பால் தடவி, 220 டிகிரியில் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம் சுட்டால் பொன்னிறமாகும். தட்டினால் வெற்றுப் பானைச் சத்தம் கேட்க வேண்டும். தோசைக்கல்லில் என்றால் கீறல் போடாமல், சிறு தீயில் மூடி வைத்து, ஒவ்வொரு பக்கமும் ஆறு நிமிடம் வேக விடுங்கள். ஒட்டிய ஓரம் தடியாக இருக்கும், அதைக் கல்லின்மேல் செங்குத்தாகப் பிடித்து ஒரு நிமிடம் வாட்டினால் பச்சை மாவு வாசனை நீங்கும்.

எண்ணெயில் பொரிக்கும் வகையும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் நேப்பிள்ஸ் பெண்கள் வீட்டு வாசலில் வாணலி வைத்துப் பீட்சாவைப் பொரித்து விற்றார்கள். இன்று சாப்பிட்டுவிட்டு எட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கும் கடன் முறையும் அதோடு இருந்தது. வீட்டில் பொரிப்பதாக இருந்தால் 60 கிராம் உருண்டையில் சிறியதாகச் செய்யுங்கள். கீறல் போடக் கூடாது, பூரணத்தில் ஈரம் அறவே இருக்கக் கூடாது. உள்ளே எண்ணெய் புகுந்தாலும், ஈரம் வெளியே கசிந்தாலும் எண்ணெய் தெறிக்கும். பூரி பொரிக்கும் சூட்டில், ஒரு தடவைக்கு இரண்டு மட்டும் போடுங்கள்.

மிஞ்சினால், முன்கூட்டிச் செய்தால்

மாவு பிசைகிற வேலை 300 கிராமுக்கும் ஒரு கிலோவுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரேயடியாகப் பிசைந்து, ஒருமுறை உப்பியதும் உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவிய தனித்தனிக் கவரில் ஃபிரீசரில் வைத்தால் ஒரு மாதம் இருக்கும். முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் மறுநாள் மாலைக்குத் தயார். இன்னும் எளிய வழி, பேஸை அரைவேக்காடாகச் சுட்டு வைப்பது. விரித்த மாவைக் கல்லில் இரண்டு பக்கமும் ஒன்றரை நிமிடம் வாட்டி, ஆறவைத்து, இடையில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். கடையில் விற்கும் பேஸுக்கு வேலையே இருக்காது.

பள்ளிக்குக் கட்டிக்கொடுக்கக் கால்சோனே வசதியானது. அதற்குப் பன்னீர் வேண்டாம், நம் வெயிலில் மதியம் வரை அது தாங்குமா என்பது சந்தேகம். வேகவைத்த உருளைக்கிழங்கு, பட்டாணி, வெங்காயம், மிளகுத்தூள் போட்ட கெட்டிப் பூரணம் வையுங்கள். சுட்டதும் கம்பித் தட்டில் முழுக்க ஆறவிட்டு, அப்புறம் டப்பாவில் போடுங்கள், சூடாக அடைத்தால் வியர்த்து நமத்துவிடும். முந்தின நாள் மிஞ்சியதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தோசைக்கல்லில் சிறு தீயில் மூடி வைத்துச் சூடாக்குங்கள். அடி மறுபடியும் மொறுமொறுவென்று வந்துவிடும்.